கடல் பார்க்கப் போவோருக்கு

2007ஆம் ஆண்டிலே படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, எழுவான்கரையில் கடலுக்கு அண்மையில் அமைக்கப்பட்ட கூடாரங்களில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தன. அவற்றுள் ஒரு முகாமுக்கு நான் அடிக்கடி போய் வருவேன். இரவிலே படுத்தால் கடல் இரைவது காதில் விழும். ஆயினும் அங்கிருந்த விவசாயிகளிற் பலர் ஒருநாளாவது கரைக்குப் போய்க் கடலைப் பார்த்ததில்லை. ஏன் என்று ஒரு வயோதிபரிடம் வினவினேன். "குளமெண்டா ஆழம் தெரியும் சுவாமி. கட்டுத் தெரியும், வான் எந்தப் பக்கம் பாயுமெண்டும் தெரியும். இது என்ன தண்ணியெண்டே விளங்கல்லயே" என்றார்.

அவர் சொன்னதிலே நியாயம் இருக்கிறது. குளத்தோடு வாழ்ந்தவர் குளத்தில் பயமின்றி இறங்குகிறார். எங்கே இறங்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடலையும் அவ்வாறே ஓரளவு அறிந்துகொள்ள முடியும். எந்தக் கரை எந்த மாதத்தில் அமைதியாக இருக்கும், ஓரிடத்தில் பிள்ளைகள் நாள் முழுவதும் விளையாடிக் கொண்டிருக்க, அரை மைல் தள்ளி இன்னோரிடத்தில் வளர்ந்த ஆள் இழுபட்டுப் போவது ஏன் என்பதற்கெல்லாம் காரணங்கள் உண்டு. அறுவடை முடிந்த கையோடும் பாடசாலை விடுமுறையிலும் பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போகும் எமது குடும்பங்கள் கூடி வருவதைக் காண்கிறேன். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். கிழக்குக் கரையைப் பற்றியே கூடுதலாகச் சொல்வேன். எனக்குப் பழக்கமான கரை அதுதான்.

காற்றும் கரையும்

எங்கள் தீவுக்கு இரண்டு பெருங்காற்றுகள். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது ஒன்று. வடக்கே அதனைச் சோழகம் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் என்பார்கள். மற்றையது வாடை. அது வடகிழக்கிலிருந்து வந்து நவம்பர், டிசெம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் பெரும்போக வயல்களுக்கு மழையைத் தருகிறது. எந்தப் பக்கத்துக் கடல் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறதோ அந்தப் பக்கம் கொந்தளிக்கும். காற்றுக்கு முதுகு காட்டும் பக்கம் அடங்கிக் கிடக்கும். ஆகவே நீர்கொழும்பு, ஹிக்கடுவ, உனவட்டுன முதலிய மேற்கு, தெற்குக் கரைகளுக்கு டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரை நல்ல காலம். திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை முதலிய எங்கள் கரைகளுக்கு ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஒரே தீவிலே ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு கரை அமைதியாக இருப்பதனாலேதான் உல்லாசப் பயணிகள் வருடம் முழுவதும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இதிலே எம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. நத்தார், புதுவருட விடுமுறை டிசெம்பரில் வருகிறது. தைப்பொங்கல் ஜனவரியில் வருகிறது. கையிலே கொஞ்சம் காசும் ஓய்வும் அப்போதுதான் இருக்கும். உடனே ஒரு வானைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கடலுக்குப் போய்விடுகிறார்கள். அது வாடைக் கடல். பார்க்கலாம், கரையிலே இருந்து சோறு சாப்பிடலாம், இறங்கக் கூடாது.

நல்ல காலத்திலும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அதனாலேதான் கரையோரத்தில் அலை படுத்துக் கிடக்கிறது. ஆனால் லொறி ரியூபில் அல்லது காற்றடைத்த மிதவையில் ஒரு பிள்ளையை இருத்தி விட்டால், அதே காற்று அதனை ஓசைப்படாமல் வெளியே கொண்டு போய்விடும். நீர் அமைதியாகத் தெரிவதால் தாய் தகப்பன் கவனிப்பதில்லை. மிதவை எதுவானாலும் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மற்ற நுனியைக் கரையில் நிற்கும் பெரியவர் பிடித்திருக்க வேண்டும்.

பாசிக்குடாவும் அதன் அயலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றரில் பாசிக்குடா இருக்கிறது. இருப்புப்பாதை வாழைச்சேனை, கல்குடா வழியாகவே செல்வதால் முன்னர் புகையிரதத்தில் வந்து இறங்கி நடந்து போனவர்களும் உண்டு. பிறை வடிவான குடா. குடாவின் வாயிலே முருகைக்கல் தொடர் கிடப்பதனால் வெளிக்கடலில் எழும் அலை அதிலே மோதி உடைந்து, உள்ளே வரும்போது வலுவிழந்து விடுகிறது. உள்ளே தரை மெல்ல மெல்லத்தான் சரிகிறது. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான். நீந்தத் தெரியாத ஒரு குடும்பம் முதன்முதலாகக் கடலில் கால் வைப்பதற்கு இந்த நாட்டிலே இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை.

1970களிலே இங்கே உல்லாச விடுதிகள் இருந்தன. 1978 நவம்பரில் அடித்த சூறாவளி, அதன் பின்னர் யுத்தம், 2004இல் சுனாமி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து அந்த இடத்தை வெறும் சுவர்களாக்கிவிட்டன. யுத்தம் முடிந்த பின்னர், 2011ஐ அண்டிய ஆண்டுகளில்தான் இப்போது காணும் பெரிய ஹோட்டல்கள் எழும்பின. அவற்றைக் கண்டு கூச்சப்பட்டுத் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். கூச்சப்பட ஒன்றுமில்லை. பொதுமக்கள் இறங்கிக் குளிக்கும் பகுதி ஒரு பக்கத்திலே தனியாக உண்டு. வாகனம் நிறுத்த இடமும் உண்டு. ஹோட்டலில் ஒருவர் சாப்பிடும் காசுக்கு வீட்டிலே ஒரு குடும்பத்துக்குச் சமைக்கலாம். ஆகவே சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கொண்டு போங்கள். பார்சல் சுற்றிய பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

அந்த முகாமில் இருந்த குடும்பங்கள் ஊர் திரும்பி இரண்டு போகம் வெட்டிய பின்னர், ஓர் ஆவணி மாதத்தில் நாற்பது பேரளவில் ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போனோம். நான் மேலே சொன்ன வயோதிபரும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு நீரிலே நீண்ட நேரம் நின்றார். குனிந்து உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்புத்தான். ஆனா நல்ல தெளிவு" என்று மாத்திரம் சொன்னார். பெண்கள் சேலையோடும் சட்டையோடும் மதியம் வரை நீரிலேயே கிடந்தார்கள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

நேர்ந்தது திரும்பி வரும் வழியிலேதான். வழியில் ஓரிடத்தில் றோட்டிலிருந்து கடல் தெரிந்தது. இளைஞர்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் கேட்டார்கள். குடா அல்ல, நீண்ட திறந்த கரை. பாசிக்குடாவில் காலை முழுவதும் குளித்த தைரியத்தில் இறங்கினார்கள். அலை இரு பக்கமும் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவிலே ஓரிடம் மாத்திரம் அலையில்லாமல் கறுத்துத் தெரிந்தது. அலையில்லாத இடம் நல்ல இடம் என்று எண்ணி அதிலேயே இறங்கினார்கள். பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் இடுப்பளவில் நின்றான். அடுத்த நிமிடம் ஐம்பது யார் தள்ளித் தலை மாத்திரம் தெரிந்தது. அவன் கரையை நோக்கிக் கைகளை அடித்து அடித்து நீந்துகிறான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. தூரத்திலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடி வந்து, "கரைக்கு வராத! கரையோட போ, தெக்கால போ!" என்று கத்தினார்கள். அவனுக்கு அது விளங்கியதோ, களைத்துப் போய் ஒரு பக்கமாகச் சரிந்தானோ தெரியாது. சற்றுத் தெற்கே அலை உடையும் இடத்துக்கு வந்ததும் அலையே அவனைத் தூக்கிக் கரையில் போட்டது.

கறுத்த இடம்

அன்று நடந்தது என்ன என்பதை வயல் செய்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினமல்ல. அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நீரைக் கரையிலே கொட்டுகின்றன. அந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். ஆனால் கரைக்குச் சற்று வெளியே, நீருக்கடியில் மணல் வரம்பு கட்டிக் கிடக்கிறது. வயலிலே நீர் கட்டி நிற்கும்போது வரம்பில் ஒரு வக்கடை வெட்டினால் என்ன நடக்கும்? வயலின் நீர் முழுவதும் அந்தச் சிறு வாயை நோக்கி ஓடும். வாயருகே வேகம் மிகும். கடலடி மணல் வரம்பிலும் அவ்வாறே உடைப்புகள் உண்டு. கரையிலே சேர்ந்த நீர் அந்த உடைப்பின் வழியே வெளிக்கடலுக்குப் பாய்கிறது. அந்த வழியிலே ஆழம் கூட என்பதால் அலை உடைவதில்லை. ஆழத்தாலும் கலங்கிய மணலாலும் நிறம் மாறித் தெரிகிறது. அமைதியாகத் தோன்றும் அந்த இடமே கடல் வான் பாயும் இடம்.

அது ஆளை ஆழத்துக்குள் இழுப்பதில்லை. வெளியேதான் கொண்டு போகிறது. எதிர்த்து நீந்துபவர் களைத்தே மூழ்குகிறார். நல்ல நீச்சல்காரராலும் அதன் வேகத்தை வெல்ல இயலாது. ஆனால் அதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீற்றர்தான். ஆகவே கரைக்கு நேரே வரப் பார்க்காமல், கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் நீந்தி, அலை வெள்ளையாக உடையும் இடத்தை அடைந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். கரையில் நிற்பவர்கள் பின்னாலே பாயக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கயிறு, வெறும் பிளாஸ்ரிக் கான், மரத்துண்டு என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள்.

இதனாலேதான் கல்லடி, களுவாஞ்சிக்குடி போன்ற திறந்த நேர்கரைகளை மாலையில் காற்று வாங்கவும், நடக்கவும், சூரிய உதயம் பார்க்கவும் சிபாரிசு செய்வேன். குளிக்கச் சொல்ல மாட்டேன். பாசிக்குடாவுக்குத் தெற்கே, முனையைத் தாண்டியதும் இருக்கும் கல்குடாக் கரையும் அழகிலே குறைந்ததல்ல. ஆனால் அது வெளிக்கடலுக்குத் திறந்தது. இரண்டு பெயரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பழகியதால் இரண்டும் ஒரே கடல் என்று எண்ணிவிடக் கூடாது.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரங்களிலும் இறங்க வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்குப் பாலமீன்மடுவில் ஒரு வாய், தெற்கே கல்லாறுப் பக்கத்தில் ஒரு வாய். கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும். மாரியில் வயல் வெள்ளத்தில் மூழ்கும்போது வாயை வெட்டி விடு என்று விவசாயி கேட்பதும், வெட்டினால் இறால் போய்விடும் என்று மீனவர் மறுப்பதும் படுவான்கரையாருக்குப் பழைய கதை. வெட்டிய வாயிலே நீர் எப்படிப் பாயும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு பாலமீன்மடுவில் இருக்கிறது. அதனையும் சுற்றியுள்ள கண்டல் மரங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

நகருக்கு வந்தால் பாடும் மீனைக் கேட்காமல் போகிறவர்கள் உண்டோ? கல்லடிப் பாலத்துக்குக் கீழே, நிலா வெளிச்ச இரவிலே, தோணியின் துடுப்பை நீரில் அமிழ்த்தி மற்ற நுனியைக் காதில் வைத்தால் தந்தியை மீட்டுவது போன்ற ஓர் ஒலி கேட்கும் என்பது வழக்கு. மீனல்ல, ஊரிதான் பாடுகிறது என்பது அங்குள்ள வள்ளக்காரர் சொல். 1950களில் மட்டக்களப்பிலே பணியாற்றிய இயேசு சபைக் குருவானவர் லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். நான் இரண்டு முறை போய் ஒரு முறை கேட்டேன். மற்ற முறை பாலத்தில் போன லொறிகளைத்தான் கேட்டேன்.

மணலும் முருகைக்கல்லும்

வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பங்கு ஆறுகள் மலையிலிருந்து அரைத்துக் கொண்டு வந்த கல். மற்றொரு பங்கு கடலிலேயே விளைந்தது: உடைந்த சிப்பி, சங்கு, முருகைக்கல். கிளிமீன் என்றொரு மீன் முருகைக்கல்லைக் கொறித்து அதில் படர்ந்த பாசியைத் தின்று, அரைபட்ட கல்லை மணலாகக் கழிக்கிறது. நாம் நடக்கும் மணலில் ஒரு பகுதி அந்த மீனின் வயிற்றால் போனது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. புல்மோட்டைப் பக்கத்திலே கரை கறுத்துக் கிடப்பது அழுக்கினால் அல்ல. அது இல்மனைற்று என்னும் கனியம் செறிந்த மணல். அதற்காகவே அங்கே தொழிற்சாலை இருக்கிறது.

முருகைக்கல்லைக் கல் என்று நாம் சொன்னாலும் அது உயிருள்ளது. மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக இருந்து தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கட்டி எழுப்புவது. கடலுக்கு அது வரம்பு. தென்மேற்குக் கரையிலே சுண்ணாம்பு சுடுவதற்காகப் பல ஆண்டுகளாக அதனை வெட்டி எடுத்தார்கள். 2004 டிசெம்பர் 26இல் சுனாமி வந்தபோது, முருகைக்கல் வெட்டப்பட்டிருந்த இடங்களிலே நீர் கூடுதலான தூரம் உள்ளே போனதை ஆய்வாளர்கள் அவதானித்தனர். கரை மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும். வரம்பிலே அறுகம்புல் செய்யும் வேலையை அங்கே அவை செய்கின்றன. கூடாரம் அடிக்கவும் அடுப்பு மூட்டவும் அவற்றைப் பிடுங்காதீர்கள்.

சுனாமியைப் பற்றி ஒரு சொல். கடல் முதலில் வற்றும், அதைக் கண்டு ஓடலாம் என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி அல்ல. அன்று எங்கள் கிழக்குக் கரைக்கு முதலில் வந்ததே ஏறும் நீர்தான், வற்றியது பின்னர். ஆகவே அறிவித்தல் வந்தால், அல்லது கடலின் போக்கு வழமைக்கு மாறாகத் தெரிந்தால், நின்று பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் நாட்டிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றருக்கும் குறைவான வித்தியாசமே உண்டு. அதனை மீறிக் கடல் ஏறினாலும் இறங்கினாலும் அது வழமையல்ல.

திருகோணமலை

ஒரே ஒரு நகரத்துக்குத்தான் போக முடியும் என்றால் திருகோணமலைக்குப் போங்கள். இரண்டு இரவு தங்கினாலும் பார்த்து முடியாது. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அது. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே, கடலுக்கடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதனாலே பெரிய கப்பல்கள் கரைக்கு அண்மையில் வரலாம், திமிங்கிலங்களும் வருகின்றன. நல்ல காலத்தில் அதிகாலை வள்ளத்தில் போகிறவர்கள் நீலத் திமிங்கிலத்தைக் கண்டு வருகிறார்கள். பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை 1957 வரை வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு வீசின. அதே நாளில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலே மூழ்கடித்தன. அது இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது.

கோணேசர் கோயில் நிற்கும் மலையின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் கடல் நேராக விழுந்து கிடப்பதைக் காணலாம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்குள்ளே இன்று புள்ளிமான்கள் மேய்கின்றன. அவை தீன் கேட்டு வரும். பொலித்தீனோடு எதையும் கொடுக்காதீர்கள். எந்தச் சமயத்தவரானாலும் மலைக்கு ஏறும்போது கோயிலுக்குப் போகும் உடையில் போக வேண்டும். கடலில் குளித்த ஈரத்தோடு ஏறிய ஓர் இளைஞர் கூட்டத்தை அங்கே பார்த்து வெட்கப்பட்டேன்.

குளிப்பதற்கு நகருக்கு வடக்கே உப்புவெளியும், ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் நிலாவெளியும் உண்டு. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை, மேலே சொன்ன கவனங்களோடு, இரண்டும் நல்லவை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவில் புறாத்தீவு தெரியும். மலைப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. வள்ளத்தில் போய் இறங்கி, முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முழங்காலளவு நீரில் குனிந்தாலே நிறம் நிறமான மீன்களைக் காணலாம். 1998இல் கடல் சூடேறி நாட்டின் பல இடங்களிலே முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது இங்குள்ளவை பெரும்பாலும் தப்பின. ஆயினும் இப்போது அவற்றுக்கு ஆபத்து எங்கள் கால்கள்தான். ஏறி நின்றால் உடையும். உடைந்தால் ஒரு விரலளவு வளர ஆண்டுகள் செல்லும். துண்டு ஒன்றைத்தானும் எடுத்துவரச் சட்டம் அனுமதிக்காது. நுழைவுக் கட்டணம் உண்டு, உள்நாட்டவருக்குக் குறைவு.

சொறிமுட்டை பட்டு எரிந்தால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் நீராலேயே கழுவுங்கள். மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். திரும்பும் வழியில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளி வார்த்தால் உப்பும் போகும், களைப்பும் போகும்.

வடக்கும் மன்னாரும்

வடக்கே காரைநகரில் சவுக்கு மரங்கள் நிற்கும் கசூரினாக் கரை ஆழம் குறைந்தது, பிள்ளைகளுக்கு ஏற்றது. கீரிமலைக் கேணி விவசாயிகள் பார்க்க வேண்டிய இடம். சில அடி தள்ளிக் கடல் அடித்துக்கொண்டிருக்கக் கேணிக்குள்ளே நல்ல நீர் ஊறுகிறது. யாழ்ப்பாணத்தின் தரை சுண்ணக்கல். பெய்த மழை அதன் வெடிப்புகளாலே கீழே இறங்கி, நிலத்துக்கடியில் கடலை நோக்கி நடந்து, அங்கே வெளிப்படுகிறது. தோட்டக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறுவதும் இதே சுண்ணக்கல்லினால்தான். நல்ல நீர் கடலுக்குப் போகும் அதே வெடிப்பால் கடல் உள்ளே வருகிறது.

மன்னாருக்குப் போகும் காலம் வேறு. நவம்பர் தொடக்கம் மார்ச் வரை வங்காலையைச் சுற்றியுள்ள உவர்ச் சேற்று நிலங்களில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளை ஆயிரக்கணக்கில் காணலாம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க ஒரு வகுப்புப் பிள்ளைகள் தேவை. அரிப்பிலே கடலுக்கு மேலே இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டை உண்மையிலே கோட்டையன்று. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகை. கடல் அதன் அடியை அரித்துக்கொண்டிருக்கிறது. சுவரருகே பிள்ளைகளை விட வேண்டாம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு மணல் திட்டுகள் கிடக்கின்றன. 1914இல் தொடங்கிய கப்பற் சேவை 1964 டிசெம்பர்ப் புயலோடு அந்த வழியில் நின்றுபோனது. இங்கே மணல் திட்டுகளுக்கிடையே நீரோட்டம் கடுமை. பார்ப்பதோடு நிற்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையை நான் இங்கே சேர்க்கவில்லை. அழகில்லாததால் அல்ல. 2009இல் அந்த மணலில் நடந்து வந்தவர்களும் இதனை வாசிப்பார்கள். அங்கே போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பதை அவர்களே அறிவார்கள். போகும் நாளையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.

அறுகம்பை

தெற்கே பொத்துவிலுக்கு அண்மையில் அறுகம்பை. 1970கள் தொடக்கம் அலைச் சறுக்கு விளையாட்டுக்காரர் உலகின் பல பாகங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள். தென்பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை, இங்குள்ள முனையைச் சுற்றி வளையும்போது ஒரே நேரத்தில் உடையாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக வரிசையாக உடைகிறது. பலகையில் நிற்பவர் அந்த உடைவுக்கு முன்னாலே ஓடிக்கொண்டே போகலாம். மே தொடக்கம் ஒக்டோபர் வரை இது நடக்கும். முனைக் கல்லிலே இருந்து பார்ப்பதற்குக் காசு இல்லை. எமது பிள்ளைகள் சிலர் இப்போது அவர்களுக்கே கற்றுக் கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்திருக்கிறார்கள். சறுக்கும் இடத்தில் குளிக்கப் போக வேண்டாம். பலகை தலையில் அடிக்கும். பொத்துவில் களப்பிலே மீனவர்கள் வள்ளத்தில் கண்டல் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். முதலை உண்டு என்பதால் கையை வெளியே தொங்க விடாதீர்கள்.

கிழக்குக் கரையில் சூரியன் தரைப் பக்கமாக மறைவதால் கடலோரம் வெளிச்சமாக இருக்கும்போதே காட்டு றோட்டு இருண்டுவிடும். லகுகலைப் பக்கமும் பாணமைப் பக்கமும் யானை றோட்டுக்கு வரும். நான்கு மணிக்கே பிள்ளைகளை நீரிலிருந்து ஏற்றி, தலை துவட்டி, எண்ணிப் பார்த்து பஸ்ஸில் இருத்திவிடுங்கள்.